அயல்வீட்டு மா

பாஸ்கா பண்டிகை முடிகிற இரவில் ஒரு யூத வீட்டில் ஒரு கரண்டி கோதுமை மா கூட இருக்காது. இருக்கக் கூடாது. ஆனால் மொரோக்கோ யூதர்கள் அதே இரவில், பொழுதுபட்ட கையோட தாச்சியை அடுப்பில் வைத்து முஃப்லெட்டா சுடத் தொடங்கிவிடுவார்கள். முஃப்லெட்டா எண்டால் கடதாசி மாதிரி மெல்லிசான ரொட்டி. வெண்ணெயும் தேனும் பூசி, சுருட்டி, சூட்டோடு சாப்பிடுவது. அப்ப அந்த மா எங்கிருந்து வந்தது?

முஸ்லிம் அயலவர் வீட்டிலிருந்து.

இந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த இரவுக்கு மிமூனா என்று பெயர்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். எகிப்தில் அடிமைகளாக இருந்த சனம் அவசரமாக வெளிக்கிட்டபோது, பிசைந்த மா புளிக்கக் கூட நேரமிருக்கவில்லை என்பது பாஸ்காவின் கதை. அதனால் பண்டிகை நாட்களில் (இஸ்ரேலில் 7, வெளியே 8) புளித்த மாப்பண்டம் எதுவும் ஆகாது. கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தாலே அது புளித்ததாகக் கணக்கு. சாப்பிடாமல் விட்டால் மட்டும் போதாது, சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. வீட்டைத் தட்டித் துடைத்து, மிச்சத்தை எரிப்பார்கள், அல்லது யூதர் அல்லாத ஒருவருக்கு விற்பார்கள், கொடுப்பார்கள்.

இதில் கனபேர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. பண்டிகை நாட்களில் ஒரு யூதரின் உடைமையாக இருந்த புளித்த பண்டம் பண்டிகை முடிந்த பிறகும் ஆகாது. யூதர் அல்லாதவரிடம் இருந்ததென்றால் அடுத்த நிமிடமே ஆகும். அதாவது அயலவர் வீட்டில் இருந்ததாலேயே அந்த மாவில் குற்றமில்லை. மதச்சட்டம் என்றாலே ஆட்களைப் பிரித்து வைக்கும் வேலி என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே அதே சட்டம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வைக்கிறது.

மொரோக்கோவின் பல ஊர்களில் இது ஒரு வழக்கமாகவே ஆனது. பொழுதுபடும் நேரம் முஸ்லிம் அயலவர்கள் மா, ஈஸ்ட், பால், வெண்ணெய், தேன், பச்சைக் கோதுமைக் கதிர் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வருவார்கள். யூத வீடுகள் கதவைத் திறந்து வைத்திருக்கும். அழைப்பு எதுவும் இல்லை, யாரும் வரலாம். மேசையில் இறைச்சி இருக்காது. பால், மோர், தேன், பேரீச்சம்பழம், பச்சை அவரை, சில வீடுகளில் ஒரு முழு மீன், ஒரு கோப்பை மாவுக்குள் செருகிய நாணயங்கள். எல்லாம் செழிப்புக்கான அடையாளங்கள். 'தெர்பஹு வ தெஸ்அது' என்று வாழ்த்துவார்கள். நல்லா உழையுங்கோ, நல்லா இருங்கோ என்கிற மாதிரி. வாழ்த்து எபிரேயத்தில் இல்லை, மொரோக்கோ அரபியில் இருக்கிறது.

சுடுகிற விதம் தனி அழகு. மா, தண்ணீர், உப்பு, கொஞ்சம் சீனி, ஈஸ்ட். நல்ல இளக்கமாகக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, எண்ணெய் பூசி ஊற விடவேண்டும். பிறகு எண்ணெய் தடவிய பலகையில் விரல்களாலேயே இழுத்து இழுத்து, அடியில் இருப்பது தெரியுமளவு மெல்லிசாக்குவது. வீச்சு ரொட்டி போடுபவர்களுக்கு இந்தக் கை பழக்கமாக இருக்கும். (எனக்கு முதல் மூன்றும் கிழிந்து போனது.) முதல் ரொட்டியின் அடிப்பக்கம் வெந்ததும் புரட்டி, அதன் மேலேயே அடுத்த பச்சை ரொட்டியைப் போடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் புரட்டி, மேலே மூன்றாவது. இப்படியே தாச்சியில் அடுக்கு உயர்ந்துகொண்டு போகும். முதலாவதைத் தவிர ஒவ்வொரு ரொட்டியும் ஒரு பக்கம்தான் நேரே நெருப்பைப் பார்க்கும், மற்றப் பக்கம் பக்கத்து ரொட்டியின் சூட்டில் வேகும். அதனால்தான் ஆறினாலும் மெதுவாக இருக்கும்.

பெயருக்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். ஃபெஸ் நகரில் சில காலம் வாழ்ந்த ரபி மைமோனின் (தத்துவவாதி மைமோனிடிஸின் தந்தை) நினைவுநாள் என்பது ஒன்று. நம்பிக்கை என்று பொருள்படும் 'எமுனா' என்ற எபிரேயச் சொல் என்பது இன்னொன்று. அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் 'மைமூன்' என்ற அரபிச் சொல் என்பது மூன்றாவது. மேசையில் இருக்கும் நாணயத்தையும் மீனையும் பார்த்தால் எனக்கு மூன்றாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, 'ஆஹா, எவ்வளவு ஒற்றுமை' என்று உருகத் தேவையில்லை. யூதர்கள் அங்கே சமமான குடிமக்களாக இருக்கவில்லை. ஃபெஸ் நகரில் 1438இலேயே அவர்களுக்கென்று 'மெல்லா' என்ற மதில் சூழ்ந்த குடியிருப்பு வந்துவிட்டது. 1912இல் அதே மெல்லா கொள்ளையடிக்கப்பட்டது, ஆட்கள் கொல்லப்பட்டார்கள். 1948 ஜூனில் உஜ்தாவிலும் ஜெராதாவிலும் நாற்பதுக்கு மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். மிமூனாவை ஆராய்ந்த மானிடவியலாளர் ஹார்வி கோல்ட்பர்க், 1978இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிறுபான்மை நிலையோடு சேர்த்தே அதைப் பார்த்தார். ஒரு கிழமையாக மற்றவர் வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் ஒதுங்கியிருந்த சமூகம், அந்த ஒதுக்கத்தை எல்லோருக்கும் தெரிய முடித்து, உறவைத் திரும்பத் தொடங்குகிற இரவு அது. பயமும் பாசமும் ஒரே தெருவில் இருந்திருக்கிறது. அதனால்தான் அந்தத் தட்டு மாவுக்கு இவ்வளவு பெறுமதி.

1948இல் மொரோக்கோவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூதர்கள். இன்று சில ஆயிரம் பேர். இஸ்ரேல் உருவானது, 1956இல் மொரோக்கோ சுதந்திரம் அடைந்தது, பிறகு குடிபெயர்வுக்குத் தடை வந்தது, சனம் களவாகப் படகேறியது. 1961 ஜனவரியில் 'எகோஸ்' என்ற படகு கடலில் மூழ்கி 44 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மன்னர் இரண்டாம் ஹசனின் சம்மதத்தோடு 1964 வரைக்கும் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1967 யுத்தத்தோடு மிச்சமிருந்தவர்களிலும் கனபேர் போனார்கள்.

போன இடத்திலும் வரவேற்பு இனிப்பாக இல்லை. தற்காலிக முகாம்களும் எல்லையோரப் புதிய ஊர்களும் அவர்களுக்கு. 1959இல் ஹைஃபாவின் வாதி சலிப் பகுதியில் மொரோக்கோ யூதர்கள் ஒதுக்கலுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். மிமூனா அந்த ஆண்டுகளில் வீட்டுக்குள் சுருங்கிக் கிடந்து, 1960களின் நடுவில் பொதுவெளிக்கு வந்தது. பிறகு ஜெருசலேமின் சாகெர் பூங்காவில் பெருங்கூட்டம். 1977இல் இந்தச் சனத்தின் வாக்கு ஆட்சியையே மாற்றிய பிறகு, முஃப்லெட்டாவைக் கடித்தபடி படமெடுக்காத அரசியல்வாதி குறைவு. தங்கள் பண்பாட்டை வெட்கமில்லாமல் வெளியே காட்டக் கிடைத்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 'யூதர்களின் ஒற்றுமை' என்று கொண்டாடும்போது, மா கொண்டுவந்த முஸ்லிம் அயலவர் ஒரு பழங்கதையாகிவிட்டார். இப்ப மா கடையில் வாங்குவதுதான். சுட்ட முஃப்லெட்டாவே பைக்கற்றில் கிடைக்கிறது.

சட்டம் மட்டும் இன்னும் அவரைத் தேடுகிறது. ஒவ்வொரு பாஸ்காவுக்கும் இஸ்ரேல் அரசு தன்னிடமுள்ள புளித்த பண்டம் முழுவதையும் யூதர் அல்லாத ஒருவருக்கு விற்கவேண்டும். பல ஆண்டுகளாக அதை வாங்கியவர் அபு கோஷ் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அரபுக் குடிமகன். கொஞ்சக் காசு முற்பணம், ஒரு ஒப்பந்தம், சில நாட்களுக்கு அரசின் களஞ்சிய மா முழுக்க அவருடையது. பண்டிகை முடிந்ததும் எல்லாம் திரும்ப அரசிடம் வந்துவிடும்.

மொரோக்கோவில் 2007இல், இஃப்ரான் நகரின் அல் அகவைன் பல்கலைக்கழகத்தில் சில மாணவர்கள் ஒரு கழகம் தொடங்கினார்கள். நாட்டின் யூத வரலாற்றைப் படிப்பதும் படிப்பிப்பதும் நோக்கம். தொடங்கியவர்கள் முஸ்லிம் பெடியள். அவர்கள் பிறக்கும்போதே யூத அயலவர்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தார்கள். கழகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் மிமூனா.