மாவு வண்டு வந்த வழி

மாவு பழையதானால் வண்டு தானே உண்டாகும் என்பது இல்லங்களில் இன்றும் கேட்கும் பேச்சு. இறுக மூடிய பாத்திரத்தில் செந்நிற வண்டுகள் ஊர்வதைக் காண்பவர் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஐரோப்பாவிலும் அரிஸ்டாட்டில் காலந்தொட்டு இக்கருத்தே நிலவியது. 1668ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, துணியால் மூடிய சாடியில் வைத்த இறைச்சியில் புழு தோன்றுவதில்லை என்றும், ஈ வந்து முட்டையிட்டாலன்றிப் புழு இல்லை என்றும் சோதித்துக் காட்டினார். மாவுக்கும் அதுவே பொருந்தும். பெண் வண்டின் முட்டை பிசுபிசுப்புடையது. இட்டவுடனே மாவுத்துகள் அதன்மீது ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குப் புலப்படாது. பாத்திரத்தை மூடும்போதே முட்டை உள்ளே இருக்கிறது.

இவ்வண்டு மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்து வருவது. எகிப்தில் ஏறத்தாழ கி.மு. 2500ஆம் ஆண்டைச் சார்ந்த கல்லறைச் சாடி ஒன்றில் இவ்வினத்தின் எச்சம் கிடைத்துள்ளது. ஆயினும் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1797ஆம் ஆண்டில்தான். ஜெர்மானியரான ஹெர்ப்ஸ்ட் அப்போது விவரித்தது சிவப்பு மாவு வண்டு. அதனோடு ஒன்றாகவே எண்ணத்தக்க மற்றோர் இனத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜாக்லின் துய்வால் 1860களில் பிரித்துரைத்தார். அதன் லத்தீன் பெயரிலேயே குழப்பம் என்னும் பொருள் பொதிந்திருக்கிறது. இரண்டும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமே உடையவை. இரண்டும் செம்பழுப்பு நிறம். உருப்பெருக்கியில் நோக்கினால், சிவப்பு வண்டின் உணர்கொம்பு நுனியில் மூன்று கணுக்கள் மட்டும் திடீரெனப் பருத்திருக்கும். மற்றதன் கொம்பு அடியிலிருந்து சிறிது சிறிதாகப் பருக்கும். சிவப்பு வண்டு பறக்கவும் வல்லது.

அரிசியில் காணும் கூன்வண்டோடு இதனை மயங்குவோர் பலர். கூன்வண்டுக்கு நீண்ட மூக்கு உண்டு; அது முழு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். மாவு வண்டுக்கு அந்த ஆற்றல் இல்லை. குருணை, நொய், தவிடு, மாவு ஆகிய உடைந்த பண்டங்களே அதன் வாழ்விடம். ஆகவே இவ்வண்டின் வரலாறு என்பது தானியத்தை அரைத்து வைக்கும் பழக்கத்தின் வரலாறே. அன்றாடத் தேவைக்கு மட்டும் திருகையில் அரைத்த வீட்டில் அது தங்குவதற்கு இடம் குறைவு. பெரிய ஆலைகளும், மாதக்கணக்கில் மாவைத் தேக்கும் கிடங்குகளும் வந்த பின்னரே அது பெருந்தொல்லையாயிற்று.

சமண இல்லறத்தார்க்கு இது சமையலறைக் கேள்வி மட்டுமன்று. வண்டு வந்தபின் மாவைச் சலித்தாலும் கொட்டினாலும் உயிர்க்கேடு நேர்கிறது. அரைத்த மாவுக்குத் திகம்பர மரபில் சொல்லப்படும் எல்லை மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள். இதனை வண்டின் வாழ்க்கையோடு ஒப்பிடுவது சுவையானது. 35 டிகிரி வெப்பத்தில் முட்டை ஏறத்தாழ மூன்று நாளில் பொரிகிறது. குளிர்ந்த இடத்தில் ஒரு வாரத்திற்கு மேலும் ஆகும். வெப்பத்தை மட்டும் எண்ணியிருந்தால் கோடைக்கே மிகக் குறைந்த நாள் வாய்த்திருக்கும். மழைக்காலத்திற்கு அது வாய்த்திருக்கிறது. ஈரமிகுந்த காற்றில் புழு விரைந்து வளர்வதை இன்றைய ஆய்வும் கூறுகிறது. எல்லை வகுத்தோர் முட்டையைக் கண்டறிந்தே வகுத்தனர் எனச் சொல்வதற்கில்லை. மாவு கெடும் போக்கை நெடுநாள் கவனித்தவர்கள் அவர்கள் என்று கொள்வதே முறை.

ஈரமும் வெப்பமும் இவ்வண்டுகளின் வாழ்வைத் தீர்மானிப்பதைத் தெளிவாக்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் பார்க். இரு இனங்களையும் ஒரே மாவில் விட்டு ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தார். வெப்பமும் ஈரமும் மிக்க மாவில் சிவப்பு வண்டே எஞ்சியது. குளிர்ந்த உலர்ந்த மாவில் மற்றது எஞ்சியது. தமிழ்நாட்டுச் சமையலறையில் காண்பது பெரும்பாலும் சிவப்பு வண்டே என்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

ஒழிக்கும் முறைகளின் கதை அத்துணை இனிதன்று. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஜார்ஜ் டீன் 1911ஆம் ஆண்டில் ஆலை முழுவதையும் சூடாக்கிப் பூச்சிகளை அழிக்கும் முறையை விளக்கி எழுதினார். பின்னர் நச்சுப்புகைகளும் மாலத்தியான் முதலிய மருந்துகளும் வந்தன. 1960களிலேயே மாலத்தியானைத் தாங்கும் வண்டுகள் தோன்றிவிட்டன. 1972-73இல் உலக உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய பன்னாட்டுக் கணக்கெடுப்பில் பாஸ்பைன் நச்சாவியையும் தாங்கும் வண்டுகள் காணப்பட்டன. இவ்வாவியை எழுப்பும் மாத்திரைகள் மனிதரையும் கொல்லவல்லவை. வீட்டில் அவற்றுக்கு இடமே இல்லை.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. பழைய மாவின்மேல் புதிய மாவைக் கொட்டலாகாது. பாத்திரத்தின் விளிம்பிலும் மடிப்பிலும் ஒட்டிய மாவே அடுத்த தலைமுறைக்குத் தொட்டில். சல்லடை வண்டையும் புழுவையும் நிறுத்தும். அரை மில்லிமீட்டர் அளவேயான முட்டை கீழிறங்கிவிடும். மாவு இளஞ்சிவப்பாகிக் கார நெடி வீசினால் அது வண்டுகள் சுரக்கும் குயினோன் என்னும் பொருளால் நேர்ந்தது. அம்மாவு உண்ணத் தக்கதன்று.

தானியத்தை முழுமணியாகச் சேமிப்போர்க்கு, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சி நீக்கும் கலன் ஒன்று உண்டு. மணிக்குவியலுள் திரியும் பூச்சிகள் காற்றோட்டத்தை நாடி வெளிவரும் இயல்புடையவை. உட்கலத்தின் நுண்துளைகள் வழியே அவை வெளியேறி, அடியிலுள்ள பாத்திரத்தில் விழுகின்றன. மருந்து ஏதும் தேவையில்லை. விழுந்தவற்றை எங்கே கொண்டு விடுவது என்பதை மட்டும் இல்லத்தார் தாமே முடிவு செய்தல் வேண்டும்.