பாலக்காட்டுக் கணவாயும் எட்டு கிராம் பறவையும்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு அறுபட்டுக் கிடக்கிறது. வடக்கே அமைதிப் பள்ளத்தாக்கும் நீலகிரியும்; தெற்கே நெல்லியாம்பதி, ஆனைமலை, அப்பால் இடுக்கியின் மூணாறு உயர்நிலங்கள். இந்தக் கணவாய் சிறு பாடும் பறவைகளுக்குப் பெருந்தடை என்பது இன்று ஏறக்குறைய பாடநூல் முடிவு. அது பாதி உண்மைதான்.

அந்தப் பாதிக்கு ஆதாரம் வலுவானது. சோலைக்காடுகளில் வலை கட்டிப் பிடித்த பறவைகளின் மரபணுவை ஆராய்ந்து வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, கணவாயின் இருபுறமும் வாழும் சோலாக்கிளி எனும் சிறு பாடும் பறவைகள் ஆழமாகப் பிரிந்தவை என்று காட்டியது. 2017இல் அவற்றுக்குச் சோலிகோலா என்ற தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. குளிர்ந்த உயரத்தை விட்டு இறங்காத பறவைக்குச் சமவெளி கடல்தான்.

ஆனால் அதே மலைகளுக்குப் பனிக்காலத்தில் வரும் பச்சைக் கதிர்க்குருவியின் கதை வேறு. எடை எட்டு கிராம் அளவே. பால்டிக் கரையிலிருந்து நடு ஆசியா, இமயம் வரை கூடு கட்டும் இனம் இது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து தென்னிந்தியா வரும் உயிருக்கு 30 கி.மீ. ஒரு பொருட்டல்ல. ஆகவே கணவாய் தடையா என்பதை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பறவையின் வாழ்முறையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

பறவையின் காலில் அடையாள வளையம் பூட்டும் வளையமிடலின் பயனையும் இந்த நோக்கில் மதிப்பிட வேண்டும். 1959இல் சாலிம் அலியின் முன்னெடுப்பில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கிய வளையமிடல் பெருந்திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனம் கைகொடுத்தது. 1957இல் கர்நாடகத்தில் வெளிப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலின் உண்ணிகளைப் பறவைகள் சுமந்து வருகின்றனவா என்ற அச்சமே அதற்குக் காரணம். பறவை எங்கிருந்து வந்தது என்பதே அன்றைய கேள்வி. சிறு பறவைகளில் அதற்கு விடை அரிது: வளையமிட்ட நூறில் ஒன்றுகூடத் தொலைவில் மீண்டும் கிடைப்பதில்லை. செயற்கைக்கோள் கருவியையோ இவ்வுடல் தாங்காது.

வளையம் நன்றாகச் சொல்வது மறுவரவை. மதுசூதன் கட்டியும் டிரெவர் பிரைசும் 1990களில் களக்காடு–முண்டந்துறைக் காடுகளில் கதிர்க்குருவிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். கால்களில் வண்ண வளையம் இருந்தால் ஒவ்வொரு குருவியையும் தனித்தனியே அடையாளம் காணலாம். பனிக்காலம் முழுதும் ஒரே எல்லையைக் காத்து, அடுத்த ஆண்டும் அங்கேயே திரும்பும் பழக்கம் பச்சைக் கதிர்க்குருவிக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை, இலைப்பூச்சிகளின் பெருக்கம், குருவியின் இறகுமாற்றம் மூன்றையும் இணைத்துப் பார்க்க முடிந்ததும் இந்த ஊர்ப்பற்றால்தான். சைபீரியாவில் கிடைக்கும் ஒற்றை வளையம் செய்தியாகும். ஒரே தோப்பில் ஆண்டுதோறும் பிடிபடும் அதே குருவிதான் அறிவியலாகும்.

அப்படியானால் ஊர் ஊராகப் போகும் வளையமிடல் முகாம்கள் போதா. கணவாயின் வடகரையிலும் நெல்லியாம்பதியிலும் மூணாற்றிலும் நிலையான இடங்களில், ஆண்டுதோறும் அதே வாரங்களில் வலை விரிக்க வேண்டும். ஆனைமலையிலேயே இருக்கும் வால்பாறையோ தமிழ்நாட்டில். குருவிக்கு மாநில எல்லை கிடையாது. எனவே கேரளம், தமிழ்நாடு என்ற இரு மாநிலங்களின் வனத்துறைகளும் வளையப் பதிவேடுகளைப் பொதுவில் வைக்க முன்வர வேண்டும்.