நம் வாய்ச்சொல்லும் சாட்சிதான்



வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி இருக்கிறது. ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள், ஏப்ரல் 30 அன்று அங்கே உப்பு அள்ளினார்கள். அதற்கு நினைவுத்தூண் உண்டு, பாடநூலிலும் இடமுண்டு. ஆனால் அதே உப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு வாரிய கூலியாட்கள் அந்த நாட்களை எப்படிப் பார்த்தார்கள்? நம் பாடநூல்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அன்றைய பெரியவர்கள் இன்று இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காதால் கேட்டு வைத்திருப்பதுதான் மிச்சம்.

கேட்க ஆளில்லாமல் போனது ஒரு இழப்பு. சொன்னதை நம்பாமல் விட்டது இன்னொரு இழப்பு. இதே நாகை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். உயிர்தப்பியவர்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலமுள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது அந்தத் தீர்ப்பு. காகிதத்தில் அதுவே நின்றது. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ ஆவணப்படம் 2005இல் வந்தபோதுதான் அந்த மக்களின் குரல் அவர்கள் முகத்தோடு ஊர் ஊராகப் போனது.

யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக இருந்த 2,300க்கும் மேற்பட்டோரிடம் பேசிப் பதிவு செய்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அதனால் பலர் அளந்தே பேசினார்கள். நம் சேரிக்குள்ளும் இதுதான் நடக்கும். பண்ணையார் வீட்டுப் பிள்ளை கேட்டால் ஒரு பதில், நம் பிள்ளை கேட்டால் வேறு பதில்.

ஆகவே நம் தெருவின் மூத்த பாட்டியிடமிருந்து தொடங்குவோம். ‘வரலாறு சொல்லுங்கள்’ என்றால் அவர் வாய் திறக்கமாட்டார். ‘கூலி நெல்லை எந்தப் படியால் அளந்தார்கள், ஆத்தா?’ என்று கேட்டால் சவுக்கடியும் சாணிப்பாலும் தானாக வரும். கைபேசியே போதும். தொடக்கத்தில் நாள், ஊர், கேட்பவர் பெயர் சொல்லிவிட வேண்டும். எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள் என்று விளக்கி, அவர் சம்மதத்தையும் அவர் குரலிலேயே பதிய வேண்டும். அவர் குறிப்பிடும் ஆளின் வாரிசு இன்றும் அதே ஊரில் இருக்கலாம், அவர் வயலில்தான் பாட்டியின் பேரன் கூலிக்குப் போகலாம். பெயரை மறைக்கச் சொன்னால் மறைப்போம், ஒரு பகுதியை வெளியிட வேண்டாமென்றால் வெளியிட மாட்டோம்.

எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தக் கூடாது. அழுததையும் பேசாமல் இருந்ததையும் குறிக்க வேண்டும். நினைவு ஆண்டைத் தவறவிடும். அதற்காகச் சொன்னதைத் தள்ளாமல், வழக்கு ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுவோம்.

மூன்று பிரதி வேண்டும், ஒன்று வெளியூரில். 2004இல் கடல் வந்தது, 2018இல் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில்தான் கரையேறியது. குடிசையில் பெட்டிக்குள் இருந்த காகிதம் எத்தனை முறை தப்பும்?

வரும் டிசம்பர் 25க்கு வெண்மணி போகும்போது மலர்வளையத்தோடு ஆளுக்கொரு பதிவும் எடுத்துப் போவோம்.