புகையிரதம்

புகை + இரதம். வடமொழி 'ரதம்' தமிழில் முன்னே இகரம் பெற்று இரதமாகும். இடையில் வந்த யகரம் உடம்படுமெய். சிங்களத்தின் 'தும்ரிய'வும் இதே கட்டுமானம்தான். தமிழ்நாட்டில் புகைவண்டி. இலங்கையிலோ வண்டியல்ல, தேர்!

1926இல் புத்தளத்துக்குப் பாதை எட்டியபோது புகையிரதம் கரி தின்று புகை கக்கியே வந்தது. இன்று ஓடுவது டீசல். நிலையப் பலகையில் மட்டும் புகை நிற்கிறது.

மேசையைச் சுற்றியமர்ந்து கதை வளர்த்து ஆடும் பாத்திர விளையாட்டுக்கு நீராவி இயந்திரங்கள் ஆளும் 'ஸ்டீம்பங்க்' உலகம் தேடுவோர் லண்டன் மூடுபனிக்கே போகிறார்கள். 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் உருவாக்கிய சொல் அது. நம் சொல் அதைவிடப் பழையது, படமும் அதற்குள்ளேயே இருக்கிறது: கொதிகலன் பூட்டிய கோயில் தேர், வடம் பிடிக்க ஆளில்லை, சில்லுக்கடியில் தண்டவாளம். களத்துக்கும் குறைவில்லை. புத்தளம் களப்போரம் வெள்ளை உப்பளங்கள்; ஒல்லாந்தர் கால்வாய்; கற்பிட்டிக் கோட்டை. நுரைச்சோலையில் இன்றும் நிலக்கரி எரித்து, நீராவியால் சுழலிகளை ஓட்டி 900 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆட்டத்தை நடத்துபவருக்கு முதல் காட்சி தயார்: உப்பு ஏற்றிய இரதம் பாலாவியில் நிற்கிறது, கொதிகலனில் நல்ல தண்ணீர் தீர்ந்துவிட்டது, சுற்றிலும் உப்புநீர்.