வேல்ஸ் அணி கிடைக்காத கார்வின்

1953க்குப் பிறகு வேல்ஸ் ரக்பி அணி நியூஸிலாந்தை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சின்ன நாடு, பெரிய எதிரி, அவ்வளவுதானே? ஆனால் 1971க்கும் 1973க்கும் நடுவே அதே நியூஸிலாந்து மூன்று வெவ்வேறு அணிகளிடம் தோற்றது, மூன்றுக்கும் பின்னால் ஒரே வேல்ஸ்காரர் இருந்தார், அவர் கையில் வேல்ஸ் அணி மட்டும் கடைசிவரை வரவேயில்லை என்று தெரிந்ததும் லேப்டாப்பை மூட முடியவில்லை.

கார்வின் ஜேம்ஸ். 1929இல் கெவ்னைத்தின் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். வீட்டு மொழி வெல்ஷ். கல்லூரியில் படித்ததும் அதுதான், பிறகு பாடம் நடத்தியதும் அதுதான். நடுவில் கடற்படையில் கட்டாயச் சேவை. அங்கே ரஷ்ய மொழி கற்றார். ஆட்டக்காரராக அவருக்குக் கிடைத்தவை இரண்டே சர்வதேச ஆட்டங்கள், இரண்டும் 1958இல். அவர் ஆடிய ஃப்ளை-ஹாஃப் இடத்தில் கிளிஃப் மார்கன் இருந்தார், என்ன செய்வது!

1970 ஜனவரியில் தென்னாப்பிரிக்க அணி லானெல்லி கிளப்போடு ஆட வந்தது. கார்வின் தன் ஆட்களைத் தயார்செய்து அனுப்பினார். நிறவெறி அரசின் அணி என்பதால் ஆட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. அதே ஆண்டு வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரி சார்பில் தேர்தலில் நின்று தோற்றார்.

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் லயன்ஸ் அணியோடு நியூஸிலாந்து போனார். லயன்ஸ் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்த அணி. கார்வின் கத்துகிற கோச் இல்லை, கேட்கிற கோச். ஸ்க்ரம் விஷயத்தில் ரே மக்லோக்லின் என்ற அயர்லாந்துக்காரரின் மூளையை நம்பினார். முதல் டெஸ்ட் டனீடினில். ஃப்ளை-ஹாஃப் பாரி ஜான் (அவரும் அதே கெவ்னைத்தின்காரர்!) பந்தை ஓங்கி உதைத்துக்கொண்டே இருந்தார். எதிரணியின் கடைசித் தடுப்பாளர் ஃபெர்கி மெக்கார்மிக் நிற்கும் இடத்துக்கு இல்லை, அவர் ஓடித்தான் எடுக்க வேண்டிய இடத்துக்கு. மெக்கார்மிக் அந்த மூலைக்கும் இந்த மூலைக்குமாக அலைந்தார். அதன்பிறகு அவருக்கு டெஸ்ட் வாய்ப்பே கிடைக்கவில்லை. 9-3. இரண்டாவது டெஸ்டில் தோல்வி, மூன்றாவதில் வெற்றி, நான்காவது 14-14 டிரா. நியூஸிலாந்து மண்ணில் லயன்ஸ் தொடரை வென்றது இன்றுவரை அந்த ஒருமுறைதான்.

1972 அக்டோபர் 31, லானெல்லி 9, நியூஸிலாந்து 3. அன்று ராத்திரி ஊரின் மதுக்கடைகளில் சரக்கே தீர்ந்துபோனதாம். 1973 ஜனவரியில் கார்டிஃபில் பார்பேரியன்ஸ் அணி நியூஸிலாந்தை 23-11 என்று வென்றது. ஆட்டத்துக்கு முன் அந்த வீரர்களிடம் பேச அழைக்கப்பட்டவரும் கார்வின்தான்.

இவ்வளவுக்கும் பிறகு, 1974இல், வேல்ஸ் பயிற்சியாளர் பதவி காலியாகிறது. கார்வினின் நிபந்தனை இது: தேர்வுக் குழுவுக்கு நான் தலைவர், மற்ற தேர்வாளர்களையும் நானே தேர்ந்தெடுப்பேன். வேல்ஸில் ‘பிக் ஃபைவ்’ என்ற ஐவர் குழுதான் ஆள் எடுக்கும். யூனியன் முடியாது என்றது. கார்வின் விலகிக்கொண்டார்.

ஐடியில் டீம் லீடாக இருந்தவர்களுக்கு இது புரியும். ஆள் எடுப்பது யாரோ, ரிலீஸ் சொதப்பினால் பதில் சொல்வது நாம். நானெல்லாம் சரி என்று தலையாட்டியவன். அதனால் முதலில் முழுக்க அவர் பக்கம்தான் நின்றேன். பிறகு யூனியன் பக்கமும் கொஞ்சம் தெரிந்தது. லயன்ஸ் கேப்டனாக இருந்த ஜான் டாஸ் அந்தப் பதவியை ஏற்று, 1976இலும் 1978இலும் கிராண்ட் ஸ்லாம் ஜெயித்துக் கொடுத்தார். கார்வின் இல்லாமல் வேல்ஸ் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. அவர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாமோ என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான்.

ஆனால் நியூஸிலாந்து? 1978 நவம்பரில் கார்டிஃபில் கடைசி நிமிடங்கள்வரை வேல்ஸ் முன்னிலையில் இருந்தது. ஒரு பெனால்டி. 12-13.

அப்போது கார்வின் இத்தாலியில், ரோவிகோ என்ற சின்ன ஊரின் அணிக்குப் பயிற்சியாளர். அந்த சீசனில் இத்தாலிய சாம்பியன் ரோவிகோதான். 1983 ஜனவரியில், ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஓட்டல் அறையில் தனியாக இறந்தார். வயது 53.