அலமாரி மர இணைப்பு: போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவும்

பலகைகளையும் சட்டங்களையும் பொருத்தி அலமாரி, அடுக்களைப் பெட்டகம் போன்றவற்றைச் செய்யும் முறை அலமாரி மர இணைப்பு எனப்படும். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊர் மழைமறைவுப் பகுதியில் காய்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் ஏலக்காடுகள் பல மாதம் மூடுபனியிலும் சாரலிலும் நனைகின்றன. கீழே செய்து மேலே அனுப்பும் அலமாரி இரண்டு தட்பவெப்பங்களையும் தாங்கியாக வேண்டும். மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. ஒரு பலகையின் அகலமும் இன்னொன்றின் நீளமும் சந்திக்கும் இடத்தில்தான் இணைப்பு விட்டுப்போகிறது.

தென்னாட்டுத் தச்சு மரபு இதை நன்கு அறிந்திருந்தது. தென்னிந்தியாவில் எழுந்த சமஸ்கிருதக் கட்டடநூலான மயமதம், தன் 17ஆம் அத்தியாயம் முழுவதையும் மர இணைப்புக்கே ஒதுக்குகிறது. தூண்களை இணைக்கும் முறைகளில் ஒன்றுக்கு ‘மேஷயுத்தம்’, அதாவது ஆட்டுக்கடாச் சண்டை, என்று பெயர். வீட்டு ஆசாரி செய்த வேலையின் அடிப்படையும் இதுதான்: ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கிக் கழுந்தாக்கி, மற்றொன்றில் உளியால் துளை வெட்டி, கொட்டாப்புளியால் தட்டி இறக்குவது. வெளியிலிருந்து குறுக்கே ஒரு மூங்கில் ஆணி அறைந்தால் போதும், பசை தேவைப்படாது. சட்டத்துக்கு நடுவே வரும் பலகையைக் காடிக்குள் ஒட்டாமல் விடுவார்கள். அது தன் போக்கில் உப்பிச் சுருங்கிக்கொள்ளும். தேக்கு, ஈட்டி, வேங்கை, பலா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த காலத்தின் முறை இது.

ஏலமலையில் இணைப்புக்கு வந்த கடுமையான சோதனை அலமாரியில் வரவில்லை. ‘ஸ்டோர்’ என்று அழைக்கப்படும் ஏலக்காய் உலர்கூடத்தில் வந்தது. மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகளில் பச்சைக் காயைப் பரப்பி அடுக்குவார்கள். காயில் பெரும்பகுதி நீர். சூட்டில் அது ஆவியாகி, காய் ஏறத்தாழ 10 விழுக்காடு ஈரத்துக்கு இறங்கும்வரை அந்தச் சட்டத்தின் மூலைகள் புழுக்கத்திலும் வெப்பத்திலும் மாறி மாறிக் கிடக்கும். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்திலும் சூட்டிலும் இளகக் கூடியது. அதை மட்டும் நம்பி ஒட்டிய மூலை சில பறிப்புகளில் ஆடத் தொடங்கும். பாதிப் பாதியாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஆணியடித்த மூலை நிற்கும். இன்றைக்கு டவல், அதாவது இரு பலகைகளின் துளைகளில் இறங்கி இணைக்கும் மரக்குச்சி, போடும் இயந்திரம் வாங்க நினைப்பவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தட்டைத்தான். பசையை நம்பும் டவல் மூட்டு இந்த வேலைக்கு ஆகாது.

ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், இந்தச் சரிவில் முதலில் பெருமளவு புழங்கியது தேயிலைப் பெட்டியாகத்தான் என்று கொள்ள இடமுண்டு. மூணாறுத் தேயிலை குண்டலைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பித்தொட்டிலில் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போனது. 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908இல் சிறு ரயிலாக மாறிய அந்தப் பாதையை 1924 வெள்ளம் அடித்துச் சென்றது. மதுரை–போடி ரயில் 1928இல் வந்தது. தேயிலைப் பெட்டியில் கழுந்தும் இல்லை, துளையும் இல்லை: மெல்லிய பலகை, உள்ளே மூலைக்கு ஒரு சட்டம், வெளியே தகரப்பட்டை, வரிசையாக ஆணி. தச்சு நுட்பம் தெரியாதவரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

முழுமரத்தின் காலம் சட்டத்தால் சுருங்கியது. 1955இன் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1994இன் ஈட்டிமரப் பாதுகாப்புச் சட்டம், காடுகள் பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12இல் பிறப்பித்த உத்தரவு ஆகியவற்றுக்குப் பிறகு காட்டுமரம் கைக்கு எட்டாததாயிற்று. தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் நின்ற சில்வர் ஓக், பெரும்பாவூர் ஆலைகளின் ரப்பர்மரப் பலகை, துகள்பலகை ஆகியவை அந்த இடத்தைப் பிடித்தன. ஃபெவிகாலும் (1959) சன்மைக்காவும் ஏற்கெனவே புதிய பழக்கத்தை உண்டாக்கியிருந்தன. தச்சர் வீட்டுக்கே வந்து, வாரக்கணக்கில் தங்கி, பிளைவுட்டை அறுத்து, ஆணியும் திருகும் பசையுமாகச் சுவரோடு சேர்த்தே அலமாரி கட்டுவார். பட்டறைத் தச்சின் செய்நேர்த்தி இதில் தேய்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

துகள்பலகைக்கு இழை கிடையாது. கழுந்து செதுக்கினால் உதிரும். ஜெர்மனியில் 1940களில் ஆலைக்கு வந்த இந்தப் பலகையே டவலைத் தொழிற்சாலைக் கருவியாக்கியது. அதே நாட்டில் போருக்குப் பின் ‘32 மி.மீ. முறை’ உருவானது. இந்த எண்ணில் அழகியல் ஏதுமில்லை. பல துளைமுனைகளைப் பற்சக்கரத்தால் ஒரே வரிசையில் சுழற்றும்போது அதைவிட நெருக்கமாக வைப்பது அன்று கடினமாக இருந்தது, அவ்வளவுதான். பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே, 5 மி.மீ. துளைகள், 32 மி.மீ.க்கு ஒன்று: தட்டுத் தாங்கியும் கீலும் இந்த வரிசைக்கே பொருந்தும். சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் ஸ்டைனர் 1950களில் தந்த லமெல்லோ பிஸ்கட் இணைப்பு சிறு பட்டறைகளுக்கு வேறொரு வழியைத் திறந்தது. இதில் ஒரு தட்டையான மரத்துண்டு இரு பலகைகளின் பள்ளங்களில் உட்காரும்; துளையைவிடப் பள்ளம் தாராளமானது. குறி சற்றுப் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும்.

டவல் பொறுக்காது. 18 மி.மீ. பலகையின் விளிம்பில் 8 மி.மீ. துளை போட்டால் இருபுறமும் 5 மி.மீ. சதைதான் மிச்சம். 30 மி.மீ. நீளக் குச்சிக்கு விளிம்பில் ஏறத்தாழ 20 மி.மீ., எதிர்ப்பலகையின் முகத்தில் 12 மி.மீ. ஆழம்; மீதமுள்ள 2 மி.மீ. பசைக்கு. குச்சியின் உடலில் வரிவரியாக இருக்கும் பள்ளங்கள், உள்ளே சிக்கிய காற்றும் மிகைப்பசையும் வெளியேறும் வழி. அவை இல்லாவிட்டால் அடித்து இறக்கும்போது பலகை பிளக்கும். பசையின் நீரைக் குடித்துக் குச்சி உப்பித் துளையை இறுக்குகிறது. ஆகவே குச்சி காய்ந்திருக்க வேண்டும். மலையில் திறந்த பையில் கிடந்த குச்சி முன்பே உப்பி, துளைக்குள் இறங்க மறுக்கும்.

தானியங்கி இயந்திரங்களில் பல படிகள் உண்டு. கைத்துளைப்பானும் துளையை வழிநடத்தும் ஜிக்கும் முதல் படி; 32 மி.மீ. இடைவெளியில் இரட்டைமுனை கொண்ட கைக்கருவி அடுத்தது. ஒரே அழுத்தில் 21 துளை போடும் பல்முனை இயந்திரம் அதற்கும் மேல். துளையிட்டு, பசை பீச்சி, குச்சியையும் அடித்துவிடும் டவல் செருகி, கணினி கட்டுப்பாட்டில் ஆறு பக்கமும் துளைக்கும் இயந்திரம் ஆகியவை பெரிய ஆலைகளுக்கானவை. போடி அளவிலான பட்டறை கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் பணம் முடங்கும். பலகை சரியான செங்கோணத்தில் அறுபடாவிட்டால் துல்லியமான துளை வீண்; ஆகையால் அறுக்கும் மேசையும் விளிம்பு ஒட்டும் இயந்திரமும் முந்த வேண்டும். நம் ஊர் பிளைவுட்டின் கனமும் ஒரே சீராக இருப்பதில்லை. துளையின் அளவை வெளியே தெரியும் முகத்திலிருந்து எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் உட்பக்கம் ஒதுங்கிவிடும். மலிவான பலகையின் நடு அடுக்கில் இடைவெளி இருந்தால் விளிம்புத் துளை அதற்குள் போய் விழும்; அங்கே பசைக்குப் பிடிமானமே இல்லை.

மேலே போகும் சரக்குக்குச் சாதாரணத் துகள்பலகை தவறான தேர்வு. விளிம்பு உப்பினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஈரம் தாங்கும் ஐ.எஸ். 303 ரகப் பிளைவுட்டோ, கழுவுதொட்டிக்கு அடியில் ஐ.எஸ். 710 ரகமோ ஏற்றது. முழுதாக ஒட்டிய அலமாரியை வளைவுகளில் ஜீப்பில் ஏற்றுவதும் எளிதல்ல. கழற்றிப் பூட்டும் மினிஃபிக்ஸ் இணைப்பில் 15 மி.மீ. உருளையைத் திருகினால் அது எதிர்ப்பலகையின் ஆணித்தலையைப் பற்றி இழுக்கும். அதன் இருபக்கமும் பசையில்லாத டவல் ஒன்றிரண்டு வைப்பது வழக்கம்: டவல் எடையைத் தாங்கி இடத்தைக் காக்கும், உருளை இறுக்கும். பலமுறை கழற்றினால் ஆணி பிடித்த துளை தளரும். பருவம் மாறும்போது உருளையைக் கால் திருகு முடுக்கிக்கொள்ளலாம் என்பது மலைவீடுகளில் இதற்குள்ள அனுகூலம். பசையிட்ட மூட்டு விட்டால் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும்.