தென்கடற் புயலில் ஒரு படகு

தன்னந்தனியாக உலகைச் சுற்றிவர 1895-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஜோஷுவா ஸ்லோக்கத்துக்கு, ஏறத்தாழ 37 அடி நீளமுள்ள ‘ஸ்பிரே’ படகே வீடு. 1896 மார்ச்சில் மெகல்லன் ஜலசந்தியைக் கடந்து பசிபிக்கில் நுழைந்ததும் புயல் தாக்கிற்று, பெரும்பாய் கந்தலாயிற்று. சுருக்கிய முன்பாயொன்றை மட்டும் வைத்து, சுக்கானை நடுவே கட்டி, இரு நீண்ட வடங்களைப் பின்னே இழுபட விட்டார். அவை படகை நேரே செலுத்தின. பின்தொடரும் அலைகளையும் உடைத்தன. அவருக்கே குமட்டலெடுத்து, சமையலைத் தள்ளிவைத்தாராம்! முதற்கடற்பயணத்தில் மயங்கிய நம்மனோர்க்கு இஃது ஆறுதலே. பின்னர் ‘பால்வீதி’ என்னும் பாறைக்கடலில் இரவில் சிக்கி, விடியுமளவும் நுரைகளுக்கிடையே படகைத் திருப்பித் திருப்பி உயிர் தப்பினார். மீண்டும் ஜலசந்திக்குள் ஒதுங்கிப் பாயைத் தைத்து, ஏப்ரலில் வெளியேறினார். நியூபோர்ட்டில் கரைசேர்ந்தது 1898 ஜூன் 27-இல்.